இனம் கலக்கலாம், வயதைக் கலக்காதீர்கள்: வீட்டில் பலவகைக் கோழிக்குஞ்சுகள் வளர்ப்பவர்களுக்கு

சிறுவிடையில் ஐந்து, அசீலில் நான்கு, கருங்கோழியில் நான்கு, வனராஜாவில் ஏழு என்று விதவிதமாக இருபது குஞ்சுகளை வாங்கி, கொல்லையில் ஒன்றாக விட்டு வளர்க்கலாமா? தாராளமாக வளர்க்கலாம். நிறமும் இனமும் நாம் நினைக்கிற அளவுக்குக் கோழிகளுக்குப் பெரிய விஷயமில்லை. ஒன்றாகவே வளர்ந்தால் கறுப்புக்குஞ்சும் வெள்ளைக்குஞ்சும் ஒரே தட்டில் தின்று, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தூங்கும்.

பிறகு எதில் கவனம் வேண்டும்? வயதில். ஒரே வாரத்தில் பொரித்த குஞ்சுகள் எந்த இனமானாலும் ஒரே கூட்டமாகிவிடும். ஒரு மாதக் குஞ்சோடு ஒரு நாள் குஞ்சை விட்டால், இரண்டும் ஒரே தாய் போட்ட முட்டையாக இருந்தாலும் சின்னது தேறுவது கஷ்டம். பெரியது இரையைத் தள்ளிப் பறிக்கும், மிதிக்கும், தலையில் கொத்தும். அதைவிட மோசமான விஷயம் கண்ணுக்குத் தெரியாது. பெரிய குஞ்சு சில நோய்களைத் தாங்கிப் பழகியிருக்கும். அதன் எச்சத்தில் கிருமி வந்துகொண்டே இருக்கும். எதிர்ப்புச் சக்தி இன்னும் வராத சின்னது அதைக் கொத்தித் தின்னும். ஆகவே இருபதும் வேண்டுமென்றால் இருபதையும் ஒரே வாரத்தில் வாங்குங்கள். இன்று ஐந்து, அடுத்த மாதச் சந்தையில் ஐந்து என்று சேர்க்காதீர்கள்.

எந்த இனத்தை எதற்காக வாங்குவது? சிறுவிடை உடம்பில் சின்னது. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் போடும். ஆனால் அருமையாக அடைகாக்கும், பருந்தின் நிழல் விழுந்தாலே புதருக்குள் ஓடும். அசீல் என்பது பெருவிடை, சண்டைக்குப் பேர்போனது. கறி கெட்டியாக இருக்கும், வளர்ச்சி மெதுவு. கடக்நாத் என்கிற கருங்கோழி மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்தது. அதன் கறிக்கு 2018இல் புவிசார் குறியீடு (இன்ன ஊர்ப் பொருள் என்பதற்கான சட்டப் பாதுகாப்பு) கிடைத்தது. தோல், கறி, எலும்புவரை கறுப்பாக இருக்கும். முட்டை மட்டும் கறுப்பல்ல. கறுப்பு முட்டை என்று யாராவது காட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வனராஜா, கிராமப்பிரியா இரண்டும் ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியவை. வனராஜா கறிக்கும் முட்டைக்கும் ஆகும். கிராமப்பிரியா முட்டைக்கு. நம் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் கொடுத்த நாமக்கல் கோழி-1 என்ற ரகமும் உண்டு. இவையெல்லாம் நாட்டுக்கோழியைவிட வேகமாக வளரும். அடைகாக்கும் குணம் மட்டும் இவற்றிடம் அவ்வளவாகக் கிடையாது. கூட்டத்தில் இரண்டு சிறுவிடைப் பெட்டையாவது இருந்தால் நாளைக்கு முட்டைகளை அடைவைக்க ஆள் இருக்கும். எல்லா இனத்திலும் கொஞ்சம் வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இதுதான்.

சந்தையிலும் பள்ளிக்கூட வாசலிலும் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கிறார்களே, அந்தக் குஞ்சுகள்? அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் வேண்டாமென்று ஒதுக்கப்படும் சேவல் குஞ்சுகள். சூடும் தண்ணீரும் இல்லாமல் வெயிலில் அலைக்கழிந்து வருபவை. தடுப்பு மருந்து எதுவும் போட்டிருக்காது. பிள்ளைகள் அழுதாலும் உங்கள் இருபதோடு அவற்றைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள்.

ஒரு நாள் குஞ்சு வாங்குவதா, ஒரு மாதக் குஞ்சு வாங்குவதா? இதுதான் முதல் தடவை என்றால் ஒரு மாதக் குஞ்சே வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் சூடு கொடுக்கும் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும், முதல் தடுப்பு மருந்துகள் போட்டிருப்பார்கள், சாகவேண்டிய பலவீனக் குஞ்சுகள் செத்திருக்கும். என்ன மருந்து எந்தத் தேதியில் போட்டார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் போட்டாச்சுங்க" என்ற வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவர் எதுவும் செய்ய முடியாது.

ஒரு நாள் குஞ்சுதான் கிடைத்தது என்றால் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். கண் பளிச்சென்று திறந்திருக்க வேண்டும். கால் தோல் வறண்டு சுருங்காமல் மினுமினுப்பாக இருக்க வேண்டும். வயிற்றைத் திருப்பித் தொப்புளைப் பாருங்கள். ஈரமாகவோ கறுத்தோ இருந்தால் வேண்டாம். பின்பக்கம் எச்சம் ஒட்டியிருந்தாலும் வேண்டாம். பெட்டியில் ஒரு தட்டு தட்டினால் எல்லாம் திடுக்கிட்டு எழ வேண்டும், எழாததை விட்டுவிடுங்கள்.

இனி வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி. குஞ்சுகள் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ராத்திரியில் தொடங்கும் முதல் வாரத்தில்தான் இருக்கிறது.

குஞ்சுக்குப் பொரித்த உடனே இருப்பது பூமயிர் மட்டும். அது குளிரைத் தாங்காது. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்குப் புரூடர் (செயற்கையாகச் சூடு தரும் அடைப்பு) வேண்டும். இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஒன்றரை அடி உயரமுள்ள தகரத்தையோ கெட்டி அட்டையையோ வளைத்து, நான்கடி அகலத்தில் வட்டமாக நிறுத்துங்கள். இருபது குஞ்சுக்குத் தாராளம். ஏன் வட்டம்? மூலை இருந்தால் குளிரிலோ பயத்திலோ எல்லாம் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

எவ்வளவு சூடு? முதல் வாரம் குஞ்சு நிற்கிற மட்டத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ். அதன்பின் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சுக்கு 2 வாட் என்பது புழக்கத்தில் இருக்கும் கணக்கு. இருபது குஞ்சுக்கு 40 வாட் அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். இங்கே ஒரு விஷயம்: எல்இடி பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. கடைக்காரர் "இதுவும் பல்புதானே" என்று கொடுப்பதை வாங்கிவந்து மாட்டினால் குஞ்சுகள் வெளிச்சத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும். பழைய குண்டு பல்போ கோழிக்கென்றே விற்கும் அகச்சிவப்பு விளக்கோ கேட்டு வாங்குங்கள்.

மே மாதத்து மதுரையில் பகலில் பல்பே வேண்டியதில்லை. ராத்திரிக்கு மட்டும் போட்டால் போதும். ஊட்டியிலோ மார்கழிக் குளிரிலோ ஐந்து வாரம்கூடப் போடவேண்டி வரும். அப்படியானால் எப்போது நிறுத்துவது? நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்துகொண்டு, விடாமல் கீச்சிட்டால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஒதுங்கி, இறக்கையைத் தொங்கவிட்டு வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒண்டிக்கொண்டால் எதிர்ப்பக்கத்தில் காற்று அடிக்கிறது, சாக்கு கட்டுங்கள். ஆங்காங்கே பரவிப் படுத்துக்கொண்டு மெல்ல முனகினால் நீங்களும் போய்த் தூங்கலாம்.

பலவகைக் குஞ்சுகள் வைத்திருப்பவர்கள் இன்னொன்று செய்ய வேண்டும். பல்பை நடுவில் தொங்கவிடாமல் வட்டத்தின் ஒரு பக்கமாகத் தொங்கவிடுங்கள். அசீல் குஞ்சுக்கு இறகு முளைக்க நாளாகும். வனராஜாவுக்கு உடம்பு வேகமாக ஏறும், சூடு சீக்கிரம் வேண்டாமல் போகும். பல்பு ஒரு பக்கம் இருந்தால் சூடு வேண்டியது அங்கே போகும், வேண்டாதது மறுபக்கம் போகும். யாருக்கு எவ்வளவு என்று நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டாம். தீனியும் தண்ணீரும் சூடு குறைந்த பக்கத்தில் இருக்கட்டும்.

கரண்டு போனால்? வெந்நீரைப் பாட்டிலில் அடைத்துத் துணி சுற்றி நடுவில் வைத்து, மேலே பாதி மூடிய மாதிரி சாக்கு போடுங்கள். மூடிய அறையில் கரிச்சட்டி வைக்க வேண்டாம். அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், அதே அறையில் தூங்கும் ஆளையும் கொல்லும்.

தரையில் என்ன போடுவது? இரண்டு அங்குலம் நெல் உமி. முதல் மூன்று நாள் அதன்மேல் சாக்கு விரியுங்கள், இல்லாவிட்டால் உமியையே தீனி என்று தின்னும். செய்தித்தாள் விரிப்பவர்கள் உண்டு. வழுவழுப்பில் கால் விரிந்துபோன குஞ்சு பிறகு நேராக நிற்பதில்லை, சாக்குதான் நல்லது. ஈரமான இடத்தை அன்றன்றைக்கே அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி தூவுங்கள்.

வந்தவுடன் தண்ணீர் முதலில், தீனி இரண்டு மணி நேரம் கழித்து. காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருதரம் நனைத்துவிடுங்கள். ஒன்று குடிக்கக் கற்றுக்கொண்டால் மற்றது பார்த்துக் குடிக்கும். ஆழமான கிண்ணம் வைத்தால் உள்ளே விழுந்து சாகும். தட்டில் கூழாங்கற்களைப் பரப்பித் தண்ணீர் ஊற்றலாம். இரண்டு மூன்று நாளைக்குப் பின்பக்கங்களையும் பாருங்கள். எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருந்தால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடையுங்கள். பிய்த்து இழுத்தால் தோல் கிழியும்.

வீட்டில் ஏற்கெனவே அடைக்கோழி இருக்கிறதே, அதனிடம் விட்டால் ஏற்குமா? அது குஞ்சு பொரிக்கும் சமயத்தில், ராத்திரி இருட்டில், ஒரு நாள் குஞ்சுகளை அதன் அடியில் மெல்ல நுழைத்துவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். சற்று வளர்ந்த குஞ்சு என்றால் ஏற்காது. சில தாய்க்கோழிகள் தம் குஞ்சின் நிறத்துக்கு மாறான குஞ்சைக் கொத்தி விரட்டும். ஆகவே விடிந்ததும் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். ஏற்றுக்கொண்டால் பல்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

அடுத்து வருவது தீனி. இனத்துக்கு ஒரு தீனி வாங்க வேண்டுமா? வேண்டாம். எட்டு வாரம்வரை எல்லாவற்றுக்கும் ஸ்டார்ட்டர் (குஞ்சுகளுக்கான முதல் தீவனம், சுமார் 20 சதம் புரதம் உள்ளது) போதும். அதன்பின் முட்டை வைக்கும்வரை குரோயர் (புரதம் கொஞ்சம் குறைந்த வளர்தீவனம்). முதல் முட்டையைப் பார்த்த பிறகே லேயர் தீவனம்.

கடைசியாகச் சொன்னதில்தான் பல வீடுகளில் கோளாறு. பெரிய கோழிகளுக்கு லேயர் மூட்டை வாங்கி வைத்திருப்பார்கள். அதையே குஞ்சுகளுக்கும் அள்ளிப் போடுவார்கள். லேயர் தீவனத்தில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நான்கு சதம் இருக்கும். முட்டை போடாத குஞ்சுக்கு அது வேண்டியதைப்போலப் பல மடங்கு. சிறுநீரகம் கெட்டு, காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாக விழும். பெரிய கோழிக்கும் குஞ்சுக்கும் ஒரே இடத்தில் தீனி வைத்தே ஆகவேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் வளர்தீவனத்தைப் போட்டுவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டை போடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே போய்க் கொத்திக்கொள்ளும்.

"அந்தக் காலத்தில் குருணை போட்டுத்தானே வளர்த்தார்கள்?" என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அந்தக் குஞ்சுகள் தாய்க்கோழியோடு எருக்குழியைக் கிளறிப் புழுவும் பூச்சியும் தின்றன. குருணை வயிற்றை நிரப்பியது, புழு உடம்பை வளர்த்தது. அடைப்புக்குள் வைத்துக்கொண்டு குருணை மட்டும் போட்டால் புரதம் போதாது. இறகு சரியாக முளைக்காது, ஒன்றின் இறகை இன்னொன்று பிடுங்கும்.

தீவனச் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. பழைய மண்பானை ஒன்றை எடுத்து, உள்ளே காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, மட்கிய ஓலை, ஒன்றிரண்டு விறகுத்துண்டு திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் தூக்கினால் சாக்கிழையெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கரையான் அப்பியிருக்கும். குஞ்சுகள் நடுவில் அதை உதறிப் பாருங்கள். ஒரு வாரம் உங்களைக் கண்டு மிரண்ட குஞ்சுகள் மறுநாள் பானையைக் கண்டாலே ஓடிவரும். வெயில் ஏறும் முன் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். அசோலாவும் கீரையும் அரிந்து போடலாம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், நாள்பட்ட கடலைப் பிண்ணாக்கு, உப்பு மிகுந்த மிச்சச் சோறு மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரே தீனி என்றாலும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கிடைக்குமா? கிடைக்காது. பலவகைக் கூட்டத்தின் உண்மையான சிக்கல் இதுதான். ஆறு வாரத்தில் வனராஜா அரைக் கிலோவைத் தாண்டியிருக்கும், அதே நாளில் பொரித்த சிறுவிடை அதில் பாதிகூட இருக்காது. தட்டைச் சுற்றிப் பெரிய முதுகுகள் அடைத்துக்கொண்டிருக்க, சின்னது பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சாயங்காலம் அடைக்கும்போது இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தடியில் வலப்பக்கம் உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டால் தின்றிருக்கிறது. தட்டையாக இருந்தால் பட்டினி. அப்படிப்பட்டவற்றுக்காகப் பஞ்சாரத்தின் விளிம்பைச் செங்கல் வைத்து மூன்று நான்கு அங்குலம் தூக்கி, உள்ளே ஒரு தட்டு தீனி வையுங்கள். சின்னது நுழையும், பெரியது நுழையாது. தீனித் தட்டும் தண்ணீர்த் தட்டும் இரண்டிரண்டு இடத்தில் இருப்பதும் முக்கியம். ஒரு முரடன் ஒரு தட்டைத்தான் காவல் காக்க முடியும்.

கொத்திக்கொள்கின்றனவே, என்ன செய்வது? கொஞ்சம் கொத்துவது இயல்பு. யார் பெரியவர் என்று குஞ்சுப் பருவத்திலேயே முடிவு செய்துகொள்ளும். மூன்று நான்கு வார அசீல் சேவல் குஞ்சுகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரெதிரே நிற்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும், விட்டுவிடலாம். ரத்தம் வந்தால் விடக்கூடாது. ரத்தச் சிவப்பைக் கண்டால் கூட்டம் முழுக்க வந்து அதே இடத்தில் கொத்தும், குடலை உருவுகிற அளவுக்குப் போகும். அடிபட்டதை உடனே தனியே எடுத்து, வேப்பெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துத் தடவுங்கள். எண்ணெயின் கசப்பினால் மறுபடி கொத்துவதும் குறையும்.

அடிபட்டதைக் கவனித்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். இட நெருக்கடியா? நான்கு வாரம்வரை குஞ்சுக்கு அரைச் சதுர அடி, எட்டு வாரம்வரை ஒரு சதுர அடி, அதன்பின் இரவுக்கொட்டகையில் ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி வேண்டும். சூடு அதிகமா? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா? புரதம் போதவில்லையா? எல்லாம் சரியாக இருந்தும் கொத்தினால் சும்மா இருப்பதுதான் காரணம். ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் குஞ்சு எட்டிப் பிடிக்கும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மூன்று மாதம் ஆனதும் அசீல் சேவல்களைப் பிரித்தே ஆகவேண்டும், அப்போது நடப்பது விளையாட்டுச் சண்டையாக இருக்காது.

இனி நோய். ஒன்றே ஒன்றைத்தான் மறக்கக் கூடாது என்றால் அது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்றும் சொல்வார்கள், உத்தராகண்டில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், மூச்சுக்கு வாயைத் திறக்கும், கழுத்தை முறுக்கிக்கொள்ளும், இறக்கையும் கால்களும் விழுந்துபோகும். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து இல்லை. இருபதில் இரண்டோ மூன்றோ மிஞ்சலாம். கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, மஞ்சள் அரைத்துக் கொடுப்பது நம் ஊரில் வழக்கம். கொடுங்கள், தப்பில்லை, ஆனால் தடுப்பு மருந்துக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள்.

எப்போது போடுவது? பரவலாகப் பின்பற்றும் வரிசை இது: பொரித்த 5 முதல் 7 நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. இரண்டாம் வாரக் கடைசியில் கம்போரோ என்ற நோய்க்குச் சொட்டு. நான்காம் வாரத்தில் மறுபடி வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா என்ற தடுப்பு மருந்து. ஆறாம் ஏழாம் வாரத்தில் அம்மைக்குத் தடுப்பூசி. எட்டாம் வாரத்தில் வெள்ளைக்கழிச்சலுக்கு இறக்கைக்கு அடியில் தோலுக்குள் ஊசி. அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். உங்கள் பகுதியில் என்ன நோய் நடமாடுகிறது என்பதைப் பொறுத்து மருத்துவர் நாட்களை மாற்றுவார், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

என் இருபது குஞ்சுக்கு யார் மருந்து தருவார்கள்? இந்தச் சந்தேகம் நியாயமானது. மருந்துக் குப்பி நூறு, இருநூறு கோழிக்கான அளவில்தான் வரும், கரைத்தால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. அதற்குத்தான் தெருவோடு சேர்ந்து போடுங்கள் என்கிறேன். நான்கு வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் போட்டால் செலவும் பங்காகும், நோயும் வேலி தாண்டி வராது. கடையில் வாங்கினால் ஐஸ் வைத்த டப்பாவில்தான் கொண்டுவர வேண்டும். வெயிலில் வண்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த மருந்து வெறும் தண்ணீர்தான். கால்நடை மருந்தகத்தில் போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டில் வழக்கமாகப் பிப்ரவரியை ஒட்டி ஊர் ஊராகக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமும் நடக்கும். சோர்ந்திருக்கும் குஞ்சுக்கு அன்று போடாதீர்கள்.

ரத்தக்கழிச்சல் வேறு நோய். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கு, ஈரத்தரையில் வரும். எச்சத்தில் ரத்தம், இறகைச் சிலுப்பிக்கொண்டு குன்றி நிற்பது இதன் அடையாளம். வெள்ளைக்கழிச்சல் போலல்லாமல் இதற்கு மருந்து உண்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போனால் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றலாம். உமியை உடனே மாற்றுங்கள். மழைக்காலத்தில் உமியைக் கையில் பிடித்து அமுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் சரி.

எதனால் செத்தாலும் செத்ததைத் தெருவில் வீசாதீர்கள், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். திடீரென்று ஒரே நாளில் பல செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.

குஞ்சுகளை எப்போது வெளியே விடலாம்? முதுகிலும் இறக்கையிலும் இறகு மூடியபின், ஏறக்குறைய ஐந்து ஆறு வாரத்தில். முதலில் சாயங்காலம் அடைக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு திறங்கள். பசி நேரம் என்பதால் தீனித் தட்டைத் தட்டினால் திரும்பி வரும். எதிரிகளையும் மறக்காதீர்கள்: பருந்து, வல்லூறு, காக்கை, கீரி பகலுக்கு. மரநாய், பூனை, பாம்பு ராத்திரிக்கு. கொட்டகைக்குக் கோழிவலை மட்டும் அடித்தால் கீரி கையை விட்டு இழுக்கும், பாம்பு கண்ணி வழியே நுழையும். கீழ் இரண்டடிக்காவது நெருங்கிய கம்பி வலை அடியுங்கள்.

வாத்து, கின்னிக்கோழி, வான்கோழிக் குஞ்சுகளையும் சேர்க்கலாமா? வாத்து தண்ணீரைச் சிதறி உமியை நாறடித்துவிடும், குஞ்சுப் பருவத்தில் தனியே வையுங்கள். கின்னிக்கோழி சேரும், பாம்பையும் பருந்தையும் கண்டால் ஊரைக் கூட்டும். அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொண்டால் சரி. வான்கோழி வேண்டாம். கோழியின் குடற்புழு வழியாகப் பரவும் ஒரு நோய் கோழியை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும்.

சேவல் எது, பெட்டை எது? ஆறு எட்டு வாரத்தில் கொண்டை சீக்கிரம் பெரிதாகிச் சிவப்பது பெரும்பாலும் சேவல். மூன்று மாதத்தில் முதுகின் பின்பக்கம் இறகு கூர்மையாக நீண்டால் சந்தேகமே இல்லை. இருபதில் பாதி சேவலாக இருக்கும் என்று இப்போதே எதிர்பாருங்கள். எட்டு பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மற்றவற்றை விற்பதா, குழம்பு வைப்பதா என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிடுங்கள். பெயர் வைத்த பிறகு பேசினால் நடக்காது.

இந்தக் கூட்டத்தின் முட்டையை அடைவைத்தால் என்ன இனம் வரும்? எல்லாம் கலந்து வரும். வீட்டுக்குத்தானே என்றால் கவலையில்லை. ஆனால் வனராஜா முட்டையில் பொரிப்பவை தாயைப் போலவே வளரும், முட்டை போடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அசீலை அசீலாகவே வைத்துக்கொள்ள ஆசை என்றால் அந்தப் பெட்டைகளை மற்றச் சேவல்களிடமிருந்து பிரித்து, மூன்று வாரம் கழித்துப் போடும் முட்டைகளையே அடைவையுங்கள். சேவலின் வித்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும்.

பிறகு எப்போதாவது புதிய கோழி வாங்கினால் நேரே கூட்டத்தில் விடாதீர்கள். மூன்று வாரம் தனியே வையுங்கள், பழையவற்றுக்குத் தீனி வைத்தபின் கடைசியாக அங்கே போங்கள். நோய் ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் ஒரு வாரம் வலைக்கு அந்தப்பக்கம் பார்த்துப் பழகவிட்டு, ராத்திரி இருட்டில் உள்ளே விடுங்கள். ஒன்றை மட்டும் விட்டால் அதையே எல்லாம் விரட்டும், இரண்டு மூன்றாக விடுங்கள்.

ஒரு நாள் குஞ்சு வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முந்தின நாளே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு நடை போய், முதல் சொட்டு மருந்து எந்த நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள். அந்த நாளிலிருந்து ஐந்து, ஆறு நாள் பின்னால் எண்ணி, குஞ்சு பொரிக்கும் தேதியை வியாபாரியிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.